கேன்டீனுக்குப் பன்னிரண்டு பலகைகள்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மகனும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அத்தையின் இருமல் நின்றதா என்று எழுதுங்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறிவிடாதீர்கள். போனிலேயே கேட்கலாமே என்றார் உங்கள் மகன். நாம் போனில் பேசினால் பாதி வார்த்தை வழியிலேயே இறங்கிக்கொள்கிறது. இதில் அளவெல்லாம் வருவதால் எழுதிவிடுவதே மேல்.

ஸ்டூடியோவுக்கு வர முடியாதவர்களின் பாட்டை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பதிவு செய்வதுதான் என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு தையல் ஆலையின் கேன்டீனுக்குப் போகப் போகிறேன். அங்கே தைக்கும் பெண்கள் இருபத்தாறு பேர், பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டு இடைவேளையில் பாடுகிறார்கள். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டுகள். விரலில் ஏறிய ஊசியைப் பற்றி, ஓவர்டைம் பற்றி, கை காட்டியும் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றி. ஜூன் கடைசியில் ஆலையை மூடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு திசை. அதற்குள் பன்னிரண்டு பாட்டையும் பதிவு செய்துவிட வேண்டும். அவர்களை வேறெங்கும் கூட்டிப் போக முடியாது, நாற்பது நிமிட இடைவேளைதான் கிடைக்கும்.

அறையோ பொல்லாத அறை. தகரக் கூரை, டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு சொல் பாடினால் நாலு சுவரிலும் முட்டி நாலாகத் திரும்பி வருகிறது. இதுவரை கம்பளிகளைத் தொங்கவிட்டுச் சமாளித்தேன். இந்த அறை கம்பளிக்கு அடங்காது. சத்தத்தை உறிஞ்சுகிற பலகைகள் வேண்டும். ஆறடி உயரம், இரண்டடி அகலம், தானாக நிற்க வேண்டும், ஒருவரே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பஸ் கட்டும் பட்டறையில், சீட் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் வெளியே யாரைக் கேட்பேன்?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 12

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தையின் இருமல் போய்விட்டது. என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. மற்றபடி குறையில்லை.

போன் பற்றி எழுதியிருந்தாய். குற்றம் போனில் இல்லை. இந்தக் காலத்தில் ஒருவரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. உன் அத்தையும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். உன் வீட்டுக்காரன் பேசுவது அவன் பல்லுக்கே கேட்காது.

பலகை விஷயத்தை என்னிடம் விட்டுவிடு. என் சீட்டில் உட்காராத பின்பக்கம் இந்த ஊரில் கிடையாது. பஞ்சைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. படம் வரைந்து அனுப்பட்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டு அடித்திருக்கிறாய். அடித்தது நல்லதாய்ப் போயிற்று.

மாமா


மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே சுகம். நீயும் அவனும் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஆறு பலகைகளை லாரியில் ஏற்றிவிட்டேன். முதல் தர ஸ்பாஞ்ச், பின்னால் பிளைவுட், மேலே நீல ரெக்ஸின். தண்ணீர் ஊற்றித் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. மூலை மடிப்பைத் தடவிப் பார், ஒரு சுருக்கம் இருந்தால் என் பெயரை மாற்றி வை. சாமான் அறையைக் காலி செய்து, இவற்றைச் சுற்றி நிறுத்தி, நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தேன். எதிரொலி துளியும் இல்லை.

இது சரியாக இருந்தால் இன்னும் ஆறு செய்கிறேன்.

மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் மகன் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.

பலகைகள் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தன. அந்த நீலம் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. மூலை மடிப்பைத் தடவிப் பார்த்தேன், உங்கள் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. தையல் ஒரே நூலாக ஓடுகிறது. கேன்டீனுக்குக் கொண்டுபோனபோது பெண்கள் சுற்றி நின்று தையலைத்தான் முதலில் பார்த்தார்கள். அவர்களுடைய தலைவியை எல்லோரும் பட்டன் அக்கா என்று கூப்பிடுகிறார்கள், பட்டன் பிரிவில் இருப்பவர். சட்டையில் ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவர். "இது கை தெரிஞ்ச ஆளு தைச்சது" என்றார்.

கைப்பிடியும் உறுதியாக இருக்கிறது. இத்தனை சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி. அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நிறம் இருக்கிறது, மடிப்பு இருக்கிறது, தையல் இருக்கிறது, கைப்பிடி கூட இருக்கிறது. சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்டி டெலிவரி எடுத்தவன் பெயின்ட்டை மட்டும் புகழ்ந்தால் இன்ஜினில் கோளாறு என்று அர்த்தம். இது பட்டறையில் வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும்.

என்ன கோளாறு? மழுப்பாமல் எழுது.

மாமா


ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இருவரின் உடல்நலமும் நன்றாக இருக்கட்டும். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

பலகைகள் சத்தத்தை உறிஞ்சவில்லை. ரெக்ஸினில் காற்று போகாது. காற்று போகாத இடத்தில் சத்தமும் போகாது, பந்து போல மோதித் திரும்புகிறது. நல்ல ஸ்பாஞ்ச் உள்ளே சும்மா இருக்கிறது, சத்தம் அதன் வாசலைக் கூடத் தாண்டவில்லை. தாண்டினாலும் அந்தத் தடிமனுக்குத் தடித்த குரல்கள் அடங்காது. துணியை வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், அந்த மாதிரித் துணி வேண்டும். உள்ளே நாரும் காற்றுமாக இருக்கும் தடிமனான ஏதாவது வேண்டும். இன்னொன்று, ஒன்று பதினாறு கிலோ இருக்கிறது. இரண்டு தூக்கியதும் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

இதை அப்போதே ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் கல்யாணப் பேச்சின்போது, "பாட்டைப் பிடிச்சு டப்பாவுல அடைக்கறதெல்லாம் ஒரு தொழிலா" என்று கேட்டீர்கள். கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டீர்கள். மூன்று வருடம் கழித்து, அதே தொழிலுக்காக நீங்கள் பலகை தைத்து அனுப்புகிறீர்கள். அது சரியில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. ஆலையை மே கடைசியிலேயே மூடப்போகிறார்கள். கடைசி வாரத்தில் மூன்று சாப்பாட்டு இடைவேளைகள் எனக்குத் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. என் கடிதம் உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள். பலகைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கம்பளிகளை இரட்டையாக மடித்துக் கட்டி எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 29

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் எழுதியது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நீ நினைக்கிற மாதிரி அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. உன் கடிதம் வந்த அன்று, மாதிரிக்காக முதலில் செய்து மிச்சமிருந்த ஒரு பலகையைச் சாமான் அறையில் நிறுத்திவைத்து என்னைக் கூப்பிட்டார். நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டினார்.

"இப்ப எதிரொலி இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. கணீர்னு இருக்கு."

இன்னொரு தரம் தட்டினார். இருக்கிறதா என்று மறுபடியும் கேட்டார். இருக்கிறது என்றேன். கையைக் கீழே தொங்கவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே" என்றார்.

கண்ணு, ஆறு வருடமாக நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் பக்கத்துப் பிரிவில் நாளெல்லாம் தகரத்தில் ஆணி அறைவார்கள், அந்தச் சத்தம் இவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் வாய்க்குள் பேசுகிறோம் என்று பழியை எங்கள்மேல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டது அன்றுதான். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொன்னேன். கிழவன் என்று ஊரெல்லாம் தண்டோரா போட வேண்டுமா என்றார். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பலகையின் ரெக்ஸினைக் கத்தியால் நீளவாட்டில் கிழித்தார். தான் தைத்ததைத் தானே கிழிக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று முதல் தினமும் ஒன்று கட்டுகிறார், பிரிக்கிறார். நான்தான் இப்போது காது. அவர் கைதட்டுவார், எதிரொலி எவ்வளவு இருக்கிறது என்று நான் கையால் உயரம் காட்ட வேண்டும். முதல் நாள் தலைக்கு மேல் காட்டினேன். நேற்று இடுப்பு. இன்று முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது. அடுப்பில் பால் பொங்குவதைக் கூட விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது.

நீ ஒன்றும் தெரியாத மாதிரி இரு. நன்றாகச் சாப்பிடு.

அத்தை


மே 15

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். வேலை இருந்ததால் எழுதவில்லை.

கம்பளியை மடித்து வைத்துவிடு. பலகை பன்னிரண்டும் தயார்.

பின்னால் பிளைவுட் கிடையாது. லேசான மரச்சட்டம் நாலு அங்குலக் கனம், உள்ளே ராக் வூல். வண்டியில் இன்ஜின் சத்தம் டிரைவருக்கு ஏறாமல் இருக்க மூடிக்கு அடியில் வைத்து அடைப்போமே, அதே பஞ்சு. முப்பத்தோரு வருஷம் எனக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தது. நான் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டால் அரிக்கும், அதனால் முதலில் மெல்லிய துணியில் உறை போட்டு, அதற்கு மேல் வெளித்துணி. வெளித்துணிக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு துணியையும் வாயில் வைத்து ஊதினேன். ஒரு கடைக்காரன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து உட்காரச் சொன்னான்.

ஒன்று ஏழு கிலோதான். கால்கள் மடங்கும். சுவரை ஒட்டி வைக்காதே, ஒரு சாண் தள்ளி வை, அப்போது இன்னும் நன்றாக உறிஞ்சுகிறது. காது நன்றாக உள்ள ஒருவரை வைத்துச் சோதித்தாயிற்று.

கல்யாணப் பேச்சில் நான் ஏதோ சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கு ஞாபகம் இல்லை. அப்படி ஒருவன் சொல்லியிருந்தால் அவனுக்கு அந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசியது அவன் தப்பு.

இந்த முறை லாரியோடு நானும் வருகிறேன்.

மாமா


ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

மாமா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தாரா? முழங்காலுக்குத் தைலம் போட்டுவிடுங்கள், மூன்று நாளும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அவர் உங்களிடம் நடந்ததை முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் நாள் மணி அடித்ததும் நானும் மாமாவும் உங்கள் மகனும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எட்டே நிமிடத்தில் பன்னிரண்டும் நின்றுவிட்டன. தண்ணீர் கூலரையும் ஃபேனையும் நிறுத்தினேன். நான் ஒரு தரம் கைதட்டினேன். அத்தை, அந்தத் தகரக் கொட்டகையில் தட்டிய கை தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படி அடங்கிய அறையை நான் பார்த்ததில்லை.

ஆனால் பாட்டு வரவில்லை. இரண்டு வரி பாடி நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கினால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. கடைசியில் பட்டன் அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார்.

"தப்பா நெனைக்காதம்மா. ரூமே செத்துப் போச்சு. பக்கத்துல இருக்கறவ பாடறாளா இல்லையான்னே தெரியல" என்றார்.

எனக்குப் புரிந்தது. பதினெட்டு வருடமாக அந்தத் தகரம்தான் ஒருவர் குரலை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதை நாங்கள் பிடுங்கிவிட்டோம். பலகைகளை எடுத்தால் பதிவு கெடும், வைத்தால் பாட்டு கெடும். முதல் இடைவேளை அப்படியே போயிற்று. ஒரு பாட்டு கூட இல்லை.

 மாமா சுவரோரம் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மைக்கைப் பார்த்து நாலு வரிசையாக நின்றிருந்தார்கள். கலையும்போது அவர் என் பக்கத்தில் வந்தார்.

"பஸ்ஸுல சீட்டெல்லாம் ஒரே பக்கமா பாத்துப் போடறோம். அதான் யாரும் யாரோடவும் பேசறதில்ல. கடைசி வரிசையில மட்டும் எதிரெதிரா ரெண்டு சீட்டு போட்டா, அங்கதான் எப்பவும் பேச்சு நடக்கும். இவங்கள மூஞ்சி பாத்து நிக்க வை" என்றார்.

மறுநாள் அவரே நிறுத்தினார். இருபத்தாறு பேரையும் வட்டமாக, உள்ளே பார்த்து, தோளுக்குத் தோள். மைக் நடுவில். பலகைகள் அவர்கள் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொருவருக்கும் எதிரில் பாடுகிறவளின் வாய் தெரிந்தது, குரல் நேராக வந்து சேர்ந்தது, தகரம் தேவைப்படவில்லை. பட்டன் அக்கா மூச்சை இழுத்ததும் இருபத்தாறு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அன்று ஏழு பாட்டு. கடைசி நாள் ஐந்து. மணி அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டாவது முடிந்தது.  யாரோ சிரிக்க, எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பட்டன் அக்கா மாமாவிடம் போய், பலகையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, வெளித்துணியின் தையல் முன்பு அனுப்பியதைவிடச் சற்று அவசரமாக இருக்கிறது என்றார். மாமா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

அங்கே நின்றபோது எனக்கு இருந்த பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "இவர் யாரு" என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "எங்க மாமா" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

மூன்று நாளும் பாட்டு அவருக்கு எவ்வளவு கேட்டது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பன்னிரண்டு பாட்டையும் ஒரு சின்ன பிளேயரில் ஏற்றி இத்துடன் அனுப்புகிறேன், ஒரு ஹெட்போனும் வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 5

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் உன் அத்தையும் சுகம். முழங்கால் தேவலை. உன் வீட்டுக்காரனை விசாரித்ததாகச் சொல்.

நீ அனுப்பிய பாட்டு எட்டு நாள் மேஜைமேல் கிடந்தது. உன் அத்தை மட்டும் தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் ஆறாவது பாட்டில் வாய்விட்டுச் சிரித்தாள். எதுக்குச் சிரிக்கிறே என்று கேட்டேன். "கேட்டாத்தாங்க தெரியும்" என்றாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போய்விட்டேன்.

மெஷின் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் நரகம். குழாய்த் தண்ணீர், செருப்பு, செய்தித்தாளைத் திருப்புவது, எல்லாம் காதுக்குள் வந்து சண்டை போட்டன. உன் அத்தை ஒன்றும் வாய்க்குள் பேசுவதில்லை என்பதும் தெரிந்தது. அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது.

காது கொஞ்சம் பழகியதும் பாட்டைப் போட்டேன். பட்டன் அக்கா ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மூச்சு இழுப்பது கேட்கிறது. நாலாவது பாட்டில் யாரோ ஒரு பெண் ஒரு சொல்லை முந்திப் பாடிவிட்டு அடங்குகிறாள், அதுவும் கேட்கிறது. நிற்காத பஸ்ஸைப் பற்றிய ஆறாவது பாட்டில், டிரைவரை ஆத்திரத்தோடு திட்டுகிறார்கள், அடுத்த அடியிலேயே உள்ளே சீட்டு மட்டும் மெத்து மெத்தென்று இருக்கிறதாம். அங்கே நானும் சிரித்தேன்.

பிறகு தகரக் கூரையைத் தேடினேன். இல்லை. கண்ணாடியைத் தேடினேன், டைல்ஸைத் தேடினேன். பன்னிரண்டு பாட்டிலும் தேடினேன். அந்த அறையே இல்லை, இருபத்தாறு பெண்கள்தான் இருக்கிறார்கள். என் பலகையும் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக நான் செய்ததை எல்லாம் தட்டிக் காட்டுவேன், உட்கார்ந்து பார் என்பேன். இது மறைந்து நிற்கிற வேலை. இதற்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களை வரிசையாக உட்கார வைத்துப் பாட்டைப் போட்டேன். முடிகிற வரைக்கும் ஒருவன் எழுந்திருக்கவில்லை. பெயின்ட்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன குரல், என்ன குரல் என்றார்கள். பலகையைப் பற்றி ஒருவனும் கேட்கவில்லை. உன் அத்தை, சொல்லேன் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் சொல்லவில்லை.

போகும்போது வெல்டர் கேட்டான், "ரிட்டயர் ஆகி சும்மாதான இருக்க? இந்தப் பாட்டெல்லாம் உனக்கு எப்படிக் கெடைச்சுது?"

"சும்மா எங்கடா இருக்கேன். மருமககிட்ட வேலை பாக்கறேன்" என்றேன்.

மாமா